அவள் பீரோவில் இருந்த படங்கள்

என் கொழுந்தனார் மனைவியைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். அவள் பத்தாவது படித்தவள், நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடினால் அவள் பேசுவாள், நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் படங்களை அவள் எடுத்துக்கொண்டு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகன் மரவள்ளிக் கிழங்கு வாங்கி ஆலைகளுக்கு அனுப்புகிறான். அந்தக் கணக்குவழக்குக்காகச் சின்னசேலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. குடும்பத்துப் படம், வீடியோ எல்லாம் அதில்தான். பொங்கலுக்கும் ஆடிக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து அவள் வரும்போது மஞ்சள் பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுப்பாள். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். மகன் அதை மாட்டி எல்லாவற்றையும் காப்பி பண்ணித் தருவான். முடிந்த உடனே கழற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொள்வாள். ஊருக்குப் போனதும் அது அவள் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடும்.

என் கணவர் இறந்த பிறகு இது இன்னும் உறுத்தியது. அவர் பேசுகிற வீடியோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. எல்லோரும் வேன் வைத்துக் கல்வராயன் மலைக்குப் போனபோது எடுத்தது. அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டே, "இந்தாமே, துண்ட எடுத்தா" என்று என்னைக் கூப்பிடுவார். என்னைக் கூப்பிட்ட குரல் இன்னொருத்தி பீரோவில் எதற்கு?

எனக்கும் ஒன்று வேண்டும் என்று மகனைக் கேட்டேன். அவளுடையதைவிடப் பெரியதாக வாங்கி வந்தான். நான் அதைத் துணியில் சுற்றவில்லை. கம்ப்யூட்டரிலேயே மாட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மேலே வைக்கச் சொன்னேன். அதில் ஒரு நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பொட்டு வைத்தேன்.

அடுத்த முறை வந்தவள் அதைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எப்பவும் மாட்டிக்கினே இருக்குது? வேல முடிஞ்சா கயட்டி வைக்கக் கூடாதா?"

"எங்க வூட்டுது, எங்க வூட்ல எரியுது" என்றேன். அவளிடம் நான் அவ்வளவு பேசியதே அதிகம்.

"எரியட்டும்க்கா. ஆரத்தி ஒண்ணுதான் பாக்கி" என்று சிரித்தாள்.

பிறகு ஒரு நாள், ஆலையிலிருந்து வந்த பில் என்று நினைத்து மகன் ஒரு மெயிலைத் திறந்தான். மத்தியானத்துக்குள் ஒரு படமும் திறக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஒரு மிரட்டல். எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம் என்று எழுதியிருப்பதாக மகன் சொன்னான். என் டிஸ்கில் பார் என்றேன். மாட்டியே கிடந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். நீல விளக்கு மட்டும் எரிந்தது.

பணத்தைக் கட்டிவிடலாம் என்றேன்.

"கட்டுனா மட்டும் சாவி குடுப்பான்னு இன்னாம்மா நிச்சயம்? திருடன் பேச்ச நம்பச் சொல்றியா?" என்றான் மகன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "சின்னம்மா கிட்ட இருக்குமே" என்றான்.

எனக்கும் அது தெரியும். அவன் வாயால் கேட்டபோதுதான் வலித்தது.

பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போனேன். அவள் காப்பி கொடுத்தாள். டம்ளர் பாதியாகும்வரை பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நடந்ததைச் சொன்னேன்.

"மலையில எடுத்த வீடியோ உங்கிட்ட இருக்குதா?"

"இருக்குதுக்கா. ஆனா இப்ப தரமாட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"மொதல்ல அந்தக் கம்ப்யூட்டர சுத்தமா அழிச்சிப் புதுசா போடச் சொல்லு. இப்படியே மாட்டுனா இதுவும் பூட்டிக்கும். மாமா இப்ப இது ஒண்ணுலதான் இருக்காரு. இதெல்லாம் மெட்ராசுல இருக்கற எம் பொண்ணு போன்ல சொல்லிக்கினே இருப்பா."

பிகு பண்ணுகிறாள் என்றுதான் பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் ரிப்பேர்க்காரரும் அதையேதான் சொன்னார். அவள் பேச்சு சரியாகப் போனது எனக்கு இன்னும் எரிந்தது.

எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்ட பிறகு அவளே டிஸ்கோடு வந்தாள். வருவதற்கு முன்னால் மகளை வரவழைத்து, மகள் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் இன்னொரு காப்பி எடுத்து ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். போன ஆடிக்கு அவள் காப்பி எடுத்துப் போன பிறகு எடுத்த படங்கள் போனது போனதுதான். அருவி வீடியோ திறந்தது. "இந்தாமே, துண்ட எடுத்தா" என்றார் அவர். அதோடு சேர்ந்து அவள் சிரிப்பும் கேட்டது. "துண்டு பத்தாது மாமா, கம்பளி கேளுங்க."

அவள் போன பிறகு மகனைக் கேட்டேன். "அவ சிரிக்கறத மட்டும் வெட்டிடேன்."

"வெட்டுனா அப்பா கொரலும் போயிடும்மா. ரெண்டும் ஒண்ணா கெடக்குது."

விட்டுவிடச் சொன்னேன்.

இப்போது என் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டு நிற்பதில்லை. மாதம் ஒரு தடவை மாட்டி, காப்பி எடுத்து, கழற்றி என் பீரோவில் வைக்கிறோம். திருட்டோ தீயோ வந்தால் வெளியூரில் ஒன்று இருக்கட்டும் என்று மகன் சொல்வதால், அவளும் பழையபடி எடுத்துப் போகிறாள். போகட்டும். அவளுடையது பழைய வேட்டித் துணியில் இருக்கிறது. என்னுடையதை அன்று அருவியில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். அது அவளிடம் இல்லை.