ஓடாத இரண்டாம் பக்கம்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் அடிக்கக் கூடாது. காலை டிபன் முடிந்ததும் ரெக்கார்டு ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற வரை மிக்ஸி போடக் கூடாது, குழாயை வேகமாகத் திறக்கக் கூடாது, அடுப்பங்கரையில் ஒரு கரண்டி கீழே விழக் கூடாது. விழுந்தால் சார் திரும்பிப் பார்ப்பார். திட்டமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். அக்கா வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சோற்றை வடித்தே இறக்குவார்.

சார் மைன்ஸில் நல்ல பதவியில் இருந்தவர். எங்கள் பிளாக்கிலிருந்து மூன்றாவது தெருவில் அவர் குவார்ட்டர்ஸ். அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. மேல்பட்டாம்பாக்கத்தில் ரேடியோ கடை வைத்திருந்த என் அப்பா போகும்போது ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டு விட்டுவிட்டுப் போனார். ப்ளேயரை மட்டும் என் தம்பி, அந்தப் புண்ணியவான், எடைக்குப் போட்டுவிட்டான். ஊரே செல்போனில் பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்ட காலம் அது. நெய்வேலியில் இன்னும் ரெக்கார்டு கேட்கிற ஆள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். எல்லோரும் சார் வீட்டைத்தான் காட்டினார்கள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற கவுண்டரில் இருந்தவர். இன்னொருவர் மந்தாரக்குப்பத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்தவர். நான் நாலாவது ஆள். பெண் என்றால் நான் ஒருத்திதான்.

வாரம் ஒருவர் ஒரு ரெக்கார்டைச் சிபாரிசு செய்ய வேண்டும். முதல் பக்கம் முதல் பாட்டிலிருந்து போடுவார்கள். சிபாரிசு செய்தவர் வாயைத் திறந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிடிக்காதவர் கையைத் தூக்கலாம். மூன்று கை எழுந்துவிட்டால் சார் ஊசியைத் தூக்கிவிடுவார். அப்புறம் அந்த ரெக்கார்டை அந்த வீட்டுக்குள் மறுபடி கொண்டுவரக் கூடாது. சட்டம் போட்டது சார். ஊசியைத் தொடுகிற உரிமையும் சாருக்கு மட்டும்தான். நான் கொண்டுபோன முதல் ரெக்கார்டு ஒரு பாட்டுக்குக்கூடத் தாங்கவில்லை. கையைத் தூக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், பரீட்சைத் தாளில் முட்டை போடுகிற வாத்தியாருக்குத்தான் அது வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த ஞாயிறு வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்துவிடுவேன். பாட்டு கேட்க எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

பெண் என்பதால் உள்ளே போய்க் காபி வாங்கிவருகிற வேலை என் தலையில் விழுந்தது. அப்படித்தான் அக்கா பழக்கமானார்.

அக்காவுக்குத் திருவதிகை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பஜனைக் கோஷ்டியில் பாடியிருக்கிறார். அந்தக் கோஷ்டியை ஒரு சின்ன கம்பெனி மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ரெக்கார்டு போட்டது. எல்லாப் பாட்டிலும் பின்னால் நின்று பாடுகிற பெண்களில் ஒருத்தி அக்கா. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் மட்டும் நாலு வரி, தனியாக. பாடி முடித்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்களாம். பிறகு ஆளுக்கொரு ரெக்கார்டு வந்து சேர்ந்தது. பிறந்த வீட்டில் ப்ளேயர் இல்லை. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் ப்ளேயர் இருந்தது, ஆனால் தொட முடியாது.

"என் கொரலு ரெக்கார்டுல எப்படி இருக்குதுன்னு நானே இன்னும் கேட்டதில்லம்மா. ஒரே ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்" என்றார். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, ஏதோ காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

சார் டூட்டிக்குப் போன பிறகு போட்டுக் கேட்க வேண்டியதுதானே என்றேன். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஊசித் தலையைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாராம். போடச் சொல்லிக் கேட்டால் பழைய ரெக்கார்டு, தூசி, ஊசி வீணாகிவிடும் என்பாராம். நிலக்கரித் தூசி ஊர் முழுக்கத்தான் படிகிறது, அக்காவின் ரெக்கார்டில் படிந்தது மட்டும்தான் ஊசிக்கு ஆகாதா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா.

என் முறை வந்த வாரம் நான் அப்பாவின் பெட்டியைத் திறக்கவில்லை. அக்காவிடம் அந்த ரெக்கார்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உறையைப் பார்த்ததுமே சாருக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் சட்டம் அவருடையது, போடாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அக்கா தலை நிறையப் பூ வைத்திருந்தார். காபித் தட்டோடு அடுப்பங்கரை நிலையில் வந்து நின்றார்.

முதல் பாட்டு சுமார்தான். ஆர்மோனியம் இரைச்சலாக இருந்தது, முன்னால் பாடினவருக்கு மூக்கால் வந்தது. இரண்டாவது பாட்டில் மருந்துக்காரர் கையைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரரும் தூக்கினார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யார் பாடினது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சாரைப் பார்த்தேன். சார் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார்.

நான் வாயெடுத்தேன். "சிபாரிசு பண்ணவங்க பேசக் கூடாதும்மா" என்று சொல்லி ஊசியை எடுத்துவிட்டார்.

அக்கா எல்லோருக்கும் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே போனேன். நன்றாக இல்லையென்றால் தூக்கத்தானே செய்வார்கள், அதற்காக உன் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்தினார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது பக்கத்தில் யாரும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டார்.

"நான் கேக்கலன்னாப் போவுது. நீயாவது எங்கனா போட்டுக் கேட்டுகினு வந்து, எப்படி இருக்குதுன்னு சொல்லு."

அன்று சாயங்காலமே சாரிடம் போய் நின்றேன். கடைக்காரர் வீட்டில் ஒரு ப்ளேயர் இருக்கிறது, ரெக்கார்டை மட்டும் கொடுங்கள் என்றேன். கண்ட ப்ளேயரில் போட்டால் ரெக்கார்டு போய்விடும், அவள் வீட்டுக்கு வரட்டும், நானே போட்டுக் காட்டுகிறேன் என்றார். அக்கா வீட்டுக்கு வரவில்லை. பாவி மனுஷன், சாவு வீட்டில் அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்தவர்களெல்லாம் என்ன பாசம் என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து சார் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். ப்ளேயர் மட்டும் கட்டாமல் இருந்தது. இன்றைக்கு என் சிபாரிசு என்று சொல்லி அந்த ரெக்கார்டை எடுத்தார். ஒரு தடவை தூக்கியதை மறுபடி போடக் கூடாது என்ற சட்டத்தை அவரே மீறினார். கண்கூடக் கலங்கியிருந்தது. சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அக்கா சொன்ன வேலையை முடித்துவிடலாம், கேட்டுவிட்டு மனசுக்குள்ளாவது அவரிடம் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதே ஆர்மோனியம், அதே மூக்கு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்காரர் கையைத் தூக்கினார். மருந்துக்காரரும் தூக்கினார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். மூன்றாவது கைக்கு அங்கே ஆள் இல்லை. பாட்டு ஓடத்தான் வேண்டும்.

சார் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. தான் சிபாரிசு செய்ததற்குத் தானே கையைத் தூக்கினார்.

"ரெக்கார்டிங்கே சரியில்ல" என்றார், ஊசியை எடுத்தபடி.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "திருப்பிப் போடுங்க சார். அக்கா பாடினது ரெண்டாவது பக்கத்துல இருக்குது" என்றேன்.

தூக்கிய கைகள் இரண்டும் சட்டென்று இறங்கின. கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அம்மா பாடினதா சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார். சார் ரெக்கார்டை உறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கோரஸ்ல நின்னா, அவ்வளவுதான்."

ப்ளேயரையும் அவரே கட்டினார். மறுநாள் லாரி வந்தது.

சார் சென்னையில் மகனோடு போய் இருந்தார். அங்கே இடம் இல்லை போலிருக்கிறது. கடைக்காரர் ஆரம்பித்து வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வருஷம் கழித்து சார் ஒவ்வொரு ரெக்கார்டாகப் படம் எடுத்துப் போட்டார். வேண்டும் என்கிறவர்கள் கேட்கலாம், நல்ல கைக்குப் போனால் போதும் என்றார். ஒவ்வொன்றுக்கும் கீழே அது எந்த நிலையில் இருக்கிறது என்று நேர்மையாக எழுதியிருந்தார். அதில் அவர் சுத்தம். அக்காவின் ரெக்கார்டும் வந்தது. கீழே எழுதியிருந்ததை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி படித்தேன்: முதல் பக்கம் லேசாக ஓடியது. இரண்டாம் பக்கம் ஒருமுறைகூட ஓடாதது, புத்தம் புதியது.

அக்கா போன பிறகு, தனியாக இருந்த அந்த இரண்டு வருஷத்தில், அந்த வீட்டில் அவரைத் தவிர யாருமே இல்லாதபோதுகூட.

எனக்கு வேண்டும் என்று உடனே போட்டேன். ரெக்கார்டு மருந்துக்காரருக்குப் போனது. ப்ளேயர் இல்லாதவர்களுக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று சார் குரூப்பிலேயே எழுதினார்.

வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் மருந்துக்காரர் வீட்டுக்குப் போனேன். கடைசிப் பாட்டை மட்டும் ஒரு தடவை போடுங்கள், கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"இது ஊசி படாத பக்கம்மா. ஒரு தடவ வெச்சிட்டா அந்தப் பேரு போயிடும். இதெல்லாம் கேக்கறதுக்காக வாங்கறதில்ல."

வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உறையிலிருந்து எடுத்தார். விளிம்பைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. லேபிளை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை, அதுதான் கடைசிப் பாட்டு. அக்காவின் நாலு வரி அதற்குள் எங்கேயோ இருந்தது. இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

"மூச்சுக் காத்து படாமப் பாருங்க" என்றார்.