ஒரு விரல் பத்தாயிரம்

சபுரா யாரிடமும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். தாராவியில் அவருடைய குடும்பத்தின் பை தைக்கும் பட்டறையில் ஆறு மிஷின்கள் ஓடும்போது குரல் எடுபடாது. பதிலும் விரலில்தான் வரவேண்டும். ஒரு விரல் பத்தாயிரம். பாதி மடக்கிய விரல் ஐந்தாயிரம். கொரியர்காரர், மீட்டர் பார்க்க வருபவர், ஜிப் வியாபாரியின் மருமகன் என்று ஒருவரும் தப்பியதில்லை. மிஷின்கள் நின்றிருந்தால் சம்பளத்தை வாயால் கேட்பார்.

"பகார் எவ்வளவு? கைக்கு வர்றதச் சொல்லணும். பேப்பர்ல உள்ளதச் சொல்லப்பிடாது."

கணவர் அபுதாஹிர் மிஷினிலிருந்து தலை தூக்காமல் சொல்வார்: "செத்தப்புறம் கபர்ல கேள்வி கேக்க வர்ற மலக்குமார்ட்டயும் இவ பகார்தான் கேப்பா."

"கேட்டா என்னவாம்? அவுகளும் டூட்டிக்குத்தான வாராவ."

என் புத்தகப்பைக்கு ஜிப் மாற்றப் போன முதல் நாள் என்னிடமும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு கூலியில் இருபது ரூபாய் குறைத்தார்.

இந்த வருடம் அந்தக் கேள்வி விளையாட்டாக இல்லை. மகள் அஸ்ரினுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.எச். இடம் கிடைத்திருந்தது. பொது சுகாதாரம், இரண்டு வருடம், எல்லாம் சேர்த்து எட்டு லட்சம். வங்கியில் கேட்கலாமே என்றவர்களைச் சபுரா மேலே பேச விடவில்லை. "வட்டிக்குப் பைசா வாங்க மாட்டேன். ஹராம்." அவருக்கு வேறு வழி இருந்தது. பட்டறைக்கு மேலே, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் அவர்கள் குடியிருக்கும் கோலி. ஓர் அறை, ஒரு ஜன்னல். அதை இட்லிக் கடை வெயிலுமுத்துவுக்கு ஹெவி டெபாசிட்டில் விடுவதாகப் பேசி முடித்திருந்தார். குடி வருகிறவர் எட்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுவார். மாத வாடகை கிடையாது. ஐந்து வருடக் கெடு முடிந்ததும் முழுத்தொகையும் திரும்பிக் கைக்கு வந்தால்தான் காலி செய்வார். அதுவரை சபுராவின் குடும்பம் கீழே மிஷின்களுக்கு நடுவே படுத்துக்கொள்ளும்.

"வட்டியும் இல்ல, கடனும் இல்ல," என்றார் என்னிடம். "படிப்பு ரெண்டு வருசம். அப்புறம் மூணு வருசப் பகார். காலேஜ்ல அஞ்சு விரல்னு சொல்லுதான். பாதிய எடுத்து வச்சாலே டெபாசிட்டக் குடுத்துட்டு மேல ஏறிருவோம்."

அது கடன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வட்டி இல்லாததைக் கடன் என்று யார் சொல்வார்கள்? எனக்கும் அன்று தோன்றவில்லை.

மேலிருந்து சாமான் இறக்குகிற நாளன்று, தைக்கக் கொடுத்திருந்த வேறொரு பையை வாங்கிவரப் போயிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். காசநோய்க் கணக்கெடுப்பு. யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று எங்கள் பக்கம் குனிந்து, மிஷின் சத்தத்துக்கு மேல் இந்தியில் கேட்டாள். சபுராவின் பதிலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். பெயர் சஃபீனா, பூர்வீகம் மேலப்பாளையம், இருப்பது கோவண்டி. என்ன படிச்சிருக்க என்று சபுரா கேட்டார்.

"எம்.பி.எச். மாமி."

சபுராவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். நாலு மாதமாகக் கண்டவர்களிடமெல்லாம் கேட்டவருக்கு, அந்தப் படிப்பே நேரில் வந்து நின்றது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு விரல்களைத் தேய்த்துக் காட்டினார்.

சஃபீனா இரண்டு விரலை உயர்த்தினாள். மூன்றாவதைப் பாதி மடக்கினாள்.

சபுரா அவளுடைய மற்றக் கையைப் பார்த்தபடி இருந்தார். அது உயரவில்லை.

"அது பஸ், ட்ரெயினுக்கு உள்ளதா?"

"மொத்தமே அவ்வளவுதான். பதினோரு மாசக் காண்ட்ராக்ட், முடிய முடியப் புதுப்பிப்பாங்க. வேலைக்குச் சேந்து மூணு வருசம் ஆச்சு."

"அல்லாவே! ஆர்டர் உள்ள மாசம் எங்க மிஷின்காரனே இத எடுத்துட்டுப் போறானே! ஏளா, படிச்சதுக்குப் பைசா?"

"வாப்பா கோலிய ஹெவி டெபாசிட்டுக்கு விட்டாவ. இங்கதான், ரெண்டு சந்து தள்ளி." சஃபீனா கையிலிருந்த டேப்லெட்டின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கெடு போன வருசமே முடிஞ்சிட்டு. திருப்பிக் குடுக்கப் பைசா இல்ல. அவுங்களும் காலி பண்ணல, அவுங்க மேல தப்பும் இல்ல. நாங்க கோவண்டில பத்தாயிரம் வாடகை. இந்த மாசம் எனக்கு இந்த ஏரியா போட்டுட்டாங்க. நேத்து எங்க கதவையே தட்டினேன் மாமி. 'கோன்? யாரு?'னு உள்ள இருந்து கேட்டாங்க. வீட்ல எத்தன பேருன்னு கேட்டு எழுதிட்டு வந்தேன்."

அபுதாஹிர் மிஷினை நிறுத்தியிருந்தார்.

"வேலைய விட்ற வேண்டியதுதான?" என்றார் சபுரா.

"புடிச்சிருக்கே மாமி. அதான் கஷ்டம்." இருமல் யாருக்கும் இல்லை என்று பதிந்துகொண்டு அடுத்த பட்டறைக்குப் போனாள்.

சபுரா மடியிலிருந்த வாரை வெட்டவில்லை. வெட்டிய வார்களையும் எண்ணவில்லை. வாசலில் வெயிலுமுத்து வந்து நின்றார், மனைவியோடு. கக்கத்தில் மஞ்சள் துணிப்பை.

"அக்கா, மொத்தமும் இருக்கு. ஒருக்க எண்ணிப் பாத்துருங்க. நல்ல நேரம் போயிரும்."

அபுதாஹிர் மனைவியைப் பார்த்தார். மற்ற மிஷின்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. ஏணியின் உச்சியில் அஸ்ரின் டிரங்குப் பெட்டியை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். சஃபீனா வந்ததை மேலிருந்து பார்த்திருக்கிறாள். பேசியதும் காட்டிய விரல்களும் அவளுக்கு எட்டியிருக்காது. அவள் சிரித்துக்கொண்டே விரல்களைத் தேய்த்துக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள், அப்படியே உம்மாவைப் போல.

சபுரா கையை உயர்த்தினார். ஒரு விரலும் விரியவில்லை. மூடியபடியே அந்தக் கை மெல்ல இறங்கி, ஏணியின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டது.