கருப்பனுக்கு வாங்கிய ஊதா பல்பு

திருவண்ணாமலையில் எந்த எலக்ட்ரிகல் கடைக்குப் போய் பல்பு கேட்டாலும், அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேஜைமேல் இருக்கும் ஹோல்டரில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். எரிந்ததை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பல்பு உங்கள் பாடு. வேங்கிக்கால் ரோட்டில் வளவனின் கடையில் இந்த வேலையை இருபத்திரண்டு வருஷமாகச் செய்பவள் ஜோதியம்மாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், வளவனுடைய அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். "நல்லா எரியுதுங்க" என்று அவள் சொன்னால் வாங்குகிறவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தைக்கு ஊரில் அவ்வளவு மரியாதை இருந்தது. அந்த மரியாதையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் கீதாஞ்சலி என்ற பெண், தை மாசத்தில் ஒரு சீட்டோடு கடைக்கு வந்தாள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். முறைப்படி பதிவு செய்து ஒரு பிராணி வளர்க்கிறாளாம். போனில் படம் காட்டினாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம், பார்க்க முள்ளுமுள்ளாக நம் ஓணான் மாதிரிதான், கொஞ்சம் தடிமன் ஜாஸ்தி. கோபம் வந்தால் தாடை உப்பிக் கருத்துப்போகுமாம், அதனால் கருப்பன் என்று பெயர். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் அதற்கு இரண்டு விளக்கு வேண்டும் என்றாள். ஒன்று அடியில் படுத்துக் குளிர்காய, சூடு தரும் விளக்கு. இன்னொன்று, வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற, எலும்புக்குப் பலம் தருகிற அந்தப் பங்கைத் தரும் யூவி விளக்கு.

எல்லாம் இருக்கிறது என்று வளவன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். இல்லை என்று சொல்லி அனுப்புவது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. மேல் தட்டிலிருந்து ஒரு நீளமான எல்.ஈ.டி. விளக்கை இறக்கினான். பெட்டியில் தங்க எழுத்தில் யூவி என்று போட்டிருந்தது. சூட்டுக்கு மஞ்சள் நிற எல்.ஈ.டி. பல்பு ஒன்று. ஜோதியம்மாள் இரண்டையும் மாட்டிக் காட்டினாள். ஒன்று கல்யாண மண்டபம் மாதிரி ஊதா நிறத்தில் ஜொலித்தது, மற்றது இளமஞ்சளாக எரிந்தது. "நல்லா எரியுதும்மா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்று அவளே வாய்விட்டுச் சொல்லி, பையில் போட்டுக் கொடுத்தாள்.

பங்குனியில் அந்தப் பெண் திரும்பி வந்தபோது கையில் சீட்டு இல்லை, ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே கருப்பன் வயிற்றைத் தரையில் போட்டுக் கிடந்தான். முன்கால்கள் வெடவெடவென்று நடுங்கின, ஒரு பின்கால் கோணிக்கொண்டிருந்தது. தாடை ரப்பராகிவிட்டது, கடித்துத் தின்ன முடியவில்லை என்றாள். சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினாளாம். எலும்பு இளகிவிட்டது, விளக்கில் யூவி துளிகூட இல்லை, வெறும் ஊதா வண்ணம்தான், மருந்தோடு சரியான விளக்கும் உடனே போடாவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வளவன் முகத்தில் ஒரு வாட்டமாவது இருக்க வேண்டுமே, இல்லை. "விளக்கு எரிஞ்சுதா இல்லியாம்மா? எரியுறதப் பாத்துதான வாங்கினீங்க? ஜோதியக்காதான் டெஸ்ட் பண்ணிக் குடுத்தாங்க, அவங்களையே கேளுங்க" என்றான். அந்தப் பெண் போன பிறகு, ஒரு ஓணானுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்தான்.

ஜோதியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேல் தட்டிலிருந்து இறக்கினவன் அவன், யூவி என்று பொய் அச்சடித்தவன் எவனோ, பழி மட்டும் அவள் தலையிலா? ஆனால் ராத்திரி படுத்தால், தைரியமா எடுத்துட்டுப் போ என்று சொன்னது தன் வாய்தானே என்பது நெஞ்சை அறுத்தது. யாரும் கேட்காமலே சொன்ன வார்த்தை அது. தன்மேல் வந்த ஆத்திரம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

லீவு நாளில் கேட்டு விசாரித்து கீதாஞ்சலி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, சண்டைக்கு வரவில்லை, தொட்டியைப் பார்க்க வந்தேன் என்றாள். அந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனாலும் உள்ளே விட்டாள். தொட்டிக்கு நாலு பக்கமும் கண்ணாடி, மூடியும் கண்ணாடி, அந்த மூடியின்மேல் ஊதா விளக்கு. கண்ணாடி வழியாக அந்த ஒளி இறங்கவே இறங்காதாம், நல்ல விளக்கே போட்டிருந்தாலும் வீண்தான் என்று டாக்டர் சொன்னாராம். ஜோதியம்மாள் மஞ்சள் பல்புக்கு அடியில் கையை நீட்டினாள். சூடு என்று பெயருக்குக்கூட இல்லை. 'சூடே ஆகாதுங்க' என்று சொல்லித்தான் பத்து வருஷமாக ஊருக்கே எல்.ஈ.டி. விற்றுக்கொண்டிருக்கிறாள். குளிர்காயக் கேட்ட உயிருக்கு அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

டாக்டர் சொன்ன இன்னொன்றையும் கீதாஞ்சலி சொன்னாள். அசல் யூவி டியூபையும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். பார்வைக்கு அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற சத்து தீர்ந்துபோயிருக்கும். ஜோதியம்மாள் அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த நம்பர்படி டியூபுக்கு அன்றைக்கே சென்னையில் ஒரு கடைக்குச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அனுப்ப இருபது நாள் ஆகும். மற்றதையெல்லாம் ஜோதியம்மாள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஊரில் எந்தக் கடையிலும் பழைய குண்டு பல்பு கிடைக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவள் தம்பி இருசப்பன் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்திருந்த இரண்டை, தகரக் குடையோடு கழற்றிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டில் இளகிவிடும் என்று தேடிப்பிடித்து பீங்கான் ஹோல்டர் வாங்கினாள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போட்டாள். பல்புக்கு நேர் கீழே தெர்மாமீட்டர் நாற்பது காட்டும்வரை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். சூடு போதும் என்று தோன்றினால் கருப்பன் நகர்ந்து போக, மறுகோடியை நிழலாக விட்டாள்.

டியூப் வரும்வரை காலை வெயில்தான் மருந்து. தம்பி வீட்டிலிருந்து கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை ஒன்றையும் கொண்டுவந்து மொட்டைமாடியில் கவிழ்த்து, அதற்குள் கருப்பனை விட்டு, பாதிக்கு ஈரச்சாக்குப் போட்டார்கள். வெயிலுக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? குரங்குக்கும் பஞ்சமில்லை. முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து, கடை திறக்கும்வரை கையில் கம்போடு ஜோதியம்மாள் காவல் இருந்தாள். கீதாஞ்சலி முதல் வாரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் வாரம் அக்கா என்று கூப்பிட்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

டியூப் வந்து மாட்டிப் பத்து நாள் இருக்கும். டாக்டர் சொன்னபடி காலை வெயிலையும் விடவில்லை. ஒரு தடிக் குரங்கு மதில் தாண்டி வந்து பஞ்சாரத்தைப் பிடித்து உலுக்கியது. ஜோதியம்மாள் கம்பை ஓங்குவதற்குள், உள்ளே கிடந்த கருப்பன் முன்கால்களை ஊன்றி எழுந்து நின்று, வாயைப் பிளந்து, தாடையை உப்பினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடை கன்னங்கரேலென்று ஆனது. இத்தனை நாளில் அவன் கோபத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரங்கை விரட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கோணின பின்கால் மட்டும் கடைசிவரை அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வைகாசியில் ரமணாசிரமம் பக்கம் தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்து, ஆமைத் தொட்டிக்கு யூவி விளக்கு கேட்டார். வளவன் கூசாமல் அதே ஊதா விளக்கை மேல் தட்டிலிருந்து இறக்கி ஜோதியம்மாள் பக்கம் தள்ளினான். அவள் மாட்டினாள், ஸ்விட்சைப் போட்டாள். மேஜையெல்லாம் ஊதாவாக ஜொலித்தது. வந்தவர் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

"எரியுதுங்க. ஆனா உங்க ஆமைக்கு வேண்டியது இதுல இல்ல. அழகுக்குன்னா எடுத்துக்குங்க" என்றாள். சீட்டில் டியூப் நம்பரையும் சென்னைக் கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அவர் விளக்கை வைத்துவிட்டுச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

வளவன் முகம் சிவந்துவிட்டது. எரியுதா இல்லையா என்று பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை, மற்றதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று குரலை உயர்த்தினான்.

"எரியுதான்னு பாக்க அந்த ஸ்விட்ச் போதுமே தம்பி. நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?"

அவள் ஸ்விட்சை அணைத்தாள். மிச்சமிருந்த ஊதா விளக்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, யூவி என்ற எழுத்துகளின்மேல் மார்க்கரால் அழுத்தி அடித்து, தீபத்துக்கு விற்கும் அலங்கார சீரியல் விளக்குகளின் பக்கத்தில் அடுக்கினாள். வளவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அவற்றை எடுத்துத் திரும்ப மேல் தட்டில் வைக்கவில்லை.