ஒத்தப்பனைப் பக்கம் இன்னிக்கு யார் முறை?

எனக்குக் கோபம் வந்தால் உடனே யாருக்காவது போன் போட வேண்டும். தண்ணீர் வராவிட்டால் பேரூராட்சிக்கு, தெருவிளக்கு எரியாவிட்டால் மின்வாரியத்துக்கு. வீட்டில் எனக்குப் புகார்ப்பெட்டி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் என் அக்கா புருஷனை நானே பிடித்துக் கொடுத்தேன்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பி ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். குடியிருப்பதும் அங்கேயே, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். ஏரியில் இறால் விழும் இடங்களைப் பாடு என்போம். ஒவ்வொரு பாடுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆள் ஆளுக்கு இஷ்டப்படி அங்கே வலை கட்ட முடியாது. ஊர்க்கூட்டத்தில் சீட்டு எடுத்து, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை எழுதி, சமுதாயக்கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நான் ஆலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும் அந்த லிஸ்டில் என் பெயர் இருந்தது. என் முறை வரும்போதெல்லாம் மாமாதான் எனக்குப் பதிலாக வலை கட்டுவார். கிடைக்கும் இறாலில் எனக்கும் ஒரு பங்கு அக்கா கொடுத்தனுப்புவாள். நானோ ஏ ஷிப்டா, பி ஷிப்டா என்று ஆலை லிஸ்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி முடிந்து பூநாரைகள் வந்து இறங்கியிருந்த நேரம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். போகும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஒத்தப்பனைப் பாடு பக்கத்தில், சேற்றுத் திட்டை ஒட்டி இரண்டு பேர் மூங்கில் நட்டு வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வலை தண்ணீருக்குள் இருக்கும். அந்த வலையோ தண்ணீருக்கு மேலே, இடுப்பு உயரத்தில் நின்றது. பறவைக்குக் கட்டிய வலை அது. ஊர்க்காரர்களும் இல்லை, கரையில் நின்ற பைக்கும் எங்கள் பக்கத்து வண்டி இல்லை. முந்தின வாரம்தான் ரோட்டோரத்தில் பறவைகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, கார்களை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். ஒரு பறவைக்கு உயிர் இருந்தது. அது கண்ணை மூடித் திறந்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பைக்கும் ஆட்களும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அக்கா வீட்டில் சாப்பிடும்போது இதையே சொல்லிப் பொரிந்து தள்ளினேன். மாமா சோற்றைப் பிசைந்தபடி, "கூட்டத்துல வெச்சிப் பேசலாம் மச்சான், அவசரப்படாத" என்றார். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஏரியில் எது நடந்தாலும் முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லாமல் சர்க்கார் ஆபீசுக்குப் போனவன் பெயரை ஒரு வருஷம் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். கூட்டம் கூடுவதற்குள் ஒரு பறவைகூட மிஞ்சாது என்று எனக்கு எரிச்சல்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால் நின்றுகொண்டு வனத்துறைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். எந்த இடம் என்று கேட்டார்.

"ஒத்தப்பனைப் பாடு மேடம். அங்க பறவைக்கு வலை கட்டறாங்க. விடிகாலைல வந்து எடுத்துகினு போவாங்க."

"உங்க பேரு?"

"பேரெல்லாம் வேணாம் மேடம்" என்று வைத்துவிட்டேன். படத்தையும் அனுப்பவில்லை. அனுப்பினால் என் நம்பரோடு போய்ச் சேருமே என்று பயம். இத்தனைக்கும் வீரன் மாதிரி நடந்துதான் கிரேனுக்குப் போய் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை.

"மாமாவப் புடிச்சினு போய்ட்டாங்கடா. படகுல பூநாரை இருந்திச்சாம். ஒத்தப்பனைப் பக்கம் போனாரு. உன் முறைதானடா இன்னிக்கு!"

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை என் முறை என்று அக்கா பத்து நாள் முன்பே சொல்லியிருந்தாள். சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்திருந்தேன். ஊரில் ஒருவனுக்கு ஒத்தப்பனை என்று சொன்னால், அடுத்த கேள்வி இன்றைக்கு யார் முறை என்பதுதான். வெளியாளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்கள் கரையில் விசாரித்திருக்கிறார்கள். யாரோ லிஸ்டைப் பார்த்து என் பெயரைச் சொல்லி, அவர் கம்பெனிக்குப் போகிறார், மாமாதான் வலை கட்டுகிறார் என்று கையைக் காட்டியிருக்கிறார்கள்.

மாமா இறால் வலையை எடுக்கப் போனவர், பக்கத்துப் பறவை வலையில் ஒரு பூநாரை மாட்டித் துடிப்பதைப் பார்த்திருக்கிறார். வலையின் நைலான் நரம்பு காலை அறுத்திருந்தது. அதைத் தூக்கிப் படகில் போட்டு, மடியில் வைத்துக் கத்தியால் நரம்பை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதிகாரிகள் படகு வந்து சேர்ந்திருக்கிறது. பறவை, கத்தி, வலை எல்லாம் ஒரே இடத்தில். கையும் களவுமாகப் பிடித்தோம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே சொல்ல முடியாது.

சாயங்காலம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். படகையும் வலையையும் வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அவர் திரும்ப வர வேண்டும், அன்று வழக்கு எழுதித் திருவள்ளூருக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். பறவை வழக்கில் ஜெயில் உண்டு என்று யாரோ சொல்ல, அக்கா அடுப்பே மூட்டவில்லை.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன். வேறு யாரிடமாவது சொல்லி அந்தப் படத்தை அனுப்பிவிடலாமா? பேர் தெரியாமல் இன்னொரு போன் போடலாமா? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், லிஸ்டில் என் பெயர் போய்விடுமே என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஏரியில் இறங்கி எத்தனையோ வருஷமான எனக்கு அந்த ஒரு பெயர்மேல் அவ்வளவு ஆசை இருந்தது. வியாழக்கிழமை இரும்பைத் தூக்கி நிறுத்திவிட்டு எந்த இடத்தில் இறக்குவது என்று தெரியாமல் கிரேனில் முழித்தேன். கீழே நின்றவர்கள் கத்தினார்கள். அதற்குமேல் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

காலையில் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். போனில் பேசிய அதே பெண், வனவர். என்னைவிட வயதில் சின்னவர். மேஜைமேல் மாமாவின் கத்தி ஒரு காகித உறைக்குள் இருந்தது.

"மேடம், திங்கட்கிழமை போன் பண்ணது நான்தான். நான் சொன்ன ஆளு வேற. நீங்க புடிச்சது என் மாமாவ" என்றேன். படத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்தது. அந்த நேரத்தில் மாமா வீட்டில் எனக்காக நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தார் என்று சொன்னேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூங்கிலின் உயரம், வலையின் கண், பைக்கின் நம்பர்.

"அந்தப் பறவை கால்ல சுத்தின நரம்பு வெட்டியிருந்ததை நானும் பார்த்தேன். பறவையப் புடிக்கிறவங்க யாரும் நரம்பை வெட்ட மாட்டாங்கன்னு மனசுக்குத் தோணிச்சு. ஆனா கையில வேற ஒண்ணும் இல்லையே" என்றார். பிறகு, "இதை அன்னிக்கே அனுப்பியிருந்தா உங்க மாமா மூணு நாள் தூங்காம இருந்திருக்க வேணாம். உங்க பேரை நாங்க வெளியே சொல்ல மாட்டோம், சார். அதையாவது நம்பியிருக்கலாம்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா வந்ததும் அவரிடமும் எழுதி வாங்கி, படகையும் வலையையும் கொடுத்தார்கள். பூநாரைக்கு மருந்து போட்டு இரண்டு நாள் வைத்திருந்து, காலையில்தான் விட்டோம், பறந்துவிட்டது என்று வனவர் மாமாவிடம் தனியாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் மாமா முகத்தில் உயிர் வந்தது.

இருவரும் படகில் திரும்பினோம். மாமா கழி ஊன்றித் தள்ளினார். வெயில் ஏறியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "மாமா, போன் பண்ணது நான்தான்" என்று போட்டு உடைத்தேன்.

"தெரியும்" என்றார்.

"மேடம் சொன்னாங்களா?"

"அவுங்க இன்னாத்துக்கு சொல்றாங்க? வந்தன்னிக்கே, ஒத்தப்பனைப் பாடுன்னு தகவல் வந்திச்சின்னாங்க. அந்தப் பனை சாஞ்சி எத்தினி வருசமாச்சி. நம்மாளு தவிர வேற எவன் அந்தப் பேரைச் சொல்லுவான்? ஞாயித்துக்கெழமை என் ஊட்ல குந்திகினு கத்துனது நீதான்."

"அப்ப ஏன் மாமா சொல்லல? என் மச்சானைக் கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே விட்டிருப்பாங்களே!"

கழியை ஊன்றி ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொன்னா ஊருக்குத் தெரியும். லிஸ்ட்ல உன் பேரை எடுத்துருவாங்க. அது ஒண்ணுதான உன்னை ஏரிக்குக் கட்டி வெச்சிகினு கீது."

நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தள்ளினார்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். வழக்கப்படி ஒரு வருஷத்துக்கு என் பெயரை எடுத்தார்கள். அந்த முறைகளும் மாமாவுக்குப் போயின. அக்கா மட்டும் வாசலில் நின்று என்னைத் திட்டினாள், பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள். பைக் நம்பரை வைத்து அந்த இருவரையும் பிடித்துவிட்டதாக வனவர் போனில் சொன்னார்.

அடுத்த மார்கழியில் அதே திட்டில் மறுபடி மூங்கில் முளைத்திருந்தது, வேறு யாரோ. இந்த முறை படத்தை எடுத்ததும் முதலில் மாமாவுக்குப் போன் போட்டேன். ஊரிலும் சொல்லிவிடு மாமா, ஆபீசுக்கு நான் சொல்கிறேன் என்றேன். பிறகு, "ஒத்தப்பனைப் பக்கம் இன்னிக்கு யாரு முறை?" என்று கேட்டேன்.

சுவரில் பார்த்துவிட்டு வந்து ஒரு பெயர் சொன்னார். "ஏரிலதான் கீறான். இரு மச்சான், அவனைக் கரையேறச் சொல்றேன். ஏறுனதும் கூப்புடறேன், அப்பறம் நீ போன் போடு."

காத்திருந்தேன்.