மூடிக்குள் வைத்த பொட்டு

போன ஆயுத பூஜையன்று மகனுடைய புதுக் காரின் பானெட்டைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் பலகை ஒன்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. பொட்டு வைக்க இடமே இல்லை. சந்தன வாசனையோடு கொஞ்சம் பெட்ரோல் வாசனையும் கலந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. என் கணவர் அதைத் திருத்தணியில் வாடகைக்கு ஓட்டினார். அத்தை மகன் என்பதால் பாவா என்றுதான் கூப்பிடுவேன், இன்றும் அப்படித்தான். எங்கள் முதல் ஆயுத பூஜைக்கு அவர் இன்ஜினிலிருந்து சிலவற்றைக் கழற்றித் துடைத்து, செய்தித்தாளில் பரப்பி, "எல்லாத்துக்கும் பொட்டு வச்சிடு" என்றார். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஸ்பேனருக்கு வைத்தேன், ஜாக்கிக்கு வைத்தேன். கிண்ணம் மாதிரி ஒரு மூடியும் கிடந்தது. வெளியே வெறும் கறுப்பு. உள்ளே சுற்றிலும் பளபளவென்று உலோக முனைகள். இதுதான் முகம் போலிருக்கிறது என்று நினைத்து, உள்ளே சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பாவா யாரிடமோ பேசிக்கொண்டே எடுத்து மாட்டிவிட்டார்.

வெயில் இருந்தவரை வண்டி ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பெண்ணை மலைக்கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனோம். சாமி பார்க்கிற ஆசையில் நானும் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டேன். பாதி மலையில் வண்டி குதித்துக் குதித்துத் திணறியது. பாவா ஓரம்கட்டினார்.

"இன்னாப்பா இது? முகூர்த்தத்துக்கு அரை மணிதான் கீது" என்றார் பெண்ணின் மாமா.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க, ஏதோ ஒரு பிளக் வேல செய்யல. தோ, பாத்துடறேன்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வண்டியில புதுசா யார் ஏறிக்கீறாங்கன்னும் பாக்கணும்."

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். ராசி கெட்டவள் என்று ஒருமுறை பேர் வந்தால் ஆயுசுக்கும் போகாது.

பாவா காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். தூறலில் அவர் நனைவதைப் பார்த்துக் கல்யாணப் பெண்ணே இறங்கிப் போய்க் குடை பிடித்தாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். முதல் வயரைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் திணறியது. அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவன்தான் தூங்குறான்" என்றார்.

வேறு பிளக் போட்டும் அவன் எழுந்திருக்கவில்லை. கரண்டே வந்து சேரவில்லையோ என்று, நாலு பிளக்குக்கும் அதைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். நான் பொட்டு வைத்த அதே கறுப்புக் கிண்ணம். உள்ளே ஈரத்தில் ஊறி ஒழுகிய சந்தனமும் குங்குமமும். நான் சட்டென்று மாமா பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா கோளாறு?" என்று மாமா காரிலிருந்தே கத்தினார்.

"மழத்தண்ணி பூந்துட்சிங்க" என்றார் பாவா. அவர் கட்டைவிரல் சிவந்திருந்தது.

"ஆங், தண்ணிதான் மாமா. நானே பாத்தேன்" என்றாள் பெண், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து மாட்டியதும் வண்டி சமர்த்தாக மலையேறியது. தாலி கட்டும்போது பெண்வீட்டாரைவிட நான்தான் அதிகமாக அட்சதை போட்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

அதைப் பற்றிப் பாவா ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த ஆயுத பூஜைகளில் எல்லாவற்றையும் என் முன் பரப்பிவிட்டு, அந்த மூடியை மட்டும் பேண்ட் பையில் போட்டுக்கொள்வார். பை புடைத்துக்கொண்டு நிற்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

அந்த வண்டியும் போய்விட்டது, வயரைக் கழற்றிக் காதால் கேட்கிற வேலையும் போய்விட்டது. இப்போது மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி, எங்கே என்ன கோளாறு என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிடுகிறான். அன்று மகனுடைய காரை நான் கிண்ணத்தோடு நெருங்கியதும், பாவாவின் கை தானாகப் போய்ப் பேண்ட் பையைப் பொத்திக்கொண்டது. பை காலியாக இருந்தது.