புளி போட்டு மினுக்கிய மின்வாய்

போர் நடந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்குப் பயத்தைவிட அலுப்புத்தான் முதலில் வருகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, பையைத் திற, ஏறு. அடுத்த சோதனைச் சாவடியில் மறுபடி இறங்கு. கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். சில நாட்கள் நடந்துதான் போனேன்.

அங்கே நான் இரசாயனத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அக்காவும் நானும் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்புறத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அக்கா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளர். வீட்டு வாடகையும் என் பஸ் காசும் அவளுடைய சம்பளம்தான்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்வேன். புகைபோக்கியால் வெளியே போகும் காபனீரொட்சைட்டை, அதுதான் கரியமில வாயுவைப் பிடித்து, மின்சாரம் கொடுத்து, பிரயோசனமான வேறு பொருளாக மாற்றுவது.

“கரண்டே இல்லாத நாட்டில கரண்டால ஆராய்ச்சியோ?” என்று அக்கா சிரிப்பாள்.

மின்வெட்டு நாள்தோறும் மணிக்கணக்கில் இருந்த காலம் அது. அவள் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

அப்பச்சோடா இனத்து உப்பொன்றைக் கரைத்த தண்ணீரில் வாயுவைக் குமிழியாக விடுவோம். அதற்குள் தீப்பெட்டியளவு செப்புத் தகடு ஒன்று நிற்கும். அதுதான் மின்வாய், மாற்றத்தைத் தூண்டும் ஊக்கியும் அதுதான். மற்ற உலோகங்கள் பெரும்பாலும் வேலையைப் பாதியில் விட்டுவிடும். செம்பு ஒன்றுதான் எதிலீன்வரை கொண்டுபோகக் கூடியது. எதிலீன் இருந்தால் பிளாஸ்டிக் செய்யலாம். ஆனால் செம்பும் இலேசில் வழிக்கு வராது. தண்ணீரை உடைத்து ஐதரசனைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். அது என்ன செய்யும் என்பது தகட்டின் மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களைப் பொறுத்தது.

ஒரு வருடமாக எனக்கு ஐதரசன்தான் வந்தது. ஒருநாள் உலையில் ஒரு தகட்டைச் சூடாக்க வைத்தேன். கரண்ட் போனது. வந்தது. திரும்பப் போனது. நான் அலுத்துப்போய்ச் சாப்பாட்டறையில் வெறும் தேநீருடன் இருந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தகடு சட்டியின் அடிபோலக் கறுத்துக் கிடந்தது. வேறு தகடு கைவசம் இல்லாததால் அதையே கரைசலில் இறக்கினேன். மின்சாரம் பாயப் பாயக் கறுப்பு மங்கிய பழுப்பானது. அன்று பின்னேரம், வாயுக்களைப் பிரித்துக் கோடு கீறும் கருவியின் பேனை, எதிலீன் வர வேண்டிய இடத்தில் ஒரு மலையைக் கீறியது. மற்ற நாளும் கீறியது. மூன்றாம் நாளும் கீறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதேமாதிரி இன்னொரு தகட்டைச் செய்ய மட்டும் முடியவில்லை. எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? மின்வெட்டுக்குத்தான் தெரியும். பேராசிரியர் அளந்து பேசுகிறவர். அந்தத் தகட்டையே இன்னுமொரு தடவை தன் கண்முன்னால் ஓட்டிக் காட்டினால் வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். ஆக, நான் இந்த நாட்டைவிட்டுப் போவதும் போகாததும் அந்தத் தகட்டில் இருந்தது.

அந்த வாரமே ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆய்வுகூடத்தைப் பூட்டப் போகிறார்கள் என்று அறிந்ததும் தகட்டை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதன் முதுகில் சிவப்பு வயர் ஒன்று ஒட்டியிருந்தது. வழியில் சாவடியில் கேட்டால் காட்டுவதற்குத் துறைத் தலைவரின் சிங்களக் கடிதம் என்னிடம் இருந்தது. அக்கா தகரத்தைத் திறந்து பார்த்தாள், கடிதத்தையும் பார்த்தாள்.

“கடிதம் வைச்சிருந்த பொடியங்களையுந்தானே ஆமிக்காரர் கொண்டுபோனவங்கள்” என்றாள்.

நான் தகரத்தை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா வேலைக்கு வெளிக்கிடுமுன்னமே ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் அட்டையோடு வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆமி கடற்கரைப் பக்கமிருந்து வீடு வீடாக ஏறி வந்தது. எங்களுடையது ஏழாவது வீடு. வெயிலில் நிற்கும்போதுதான் எனக்குப் பிஸ்கட் தகரம் நினைவு வந்தது. உலோகத் தகடு, சிவப்பு வயர், தமிழன், இரசாயனம் படித்தவன். குண்டு என்று சொல்ல இவ்வளவும் போதும்.

எங்கள் முறை வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுத் தாளோடு அக்கா வாசலில் நின்றாள். இரண்டு சிப்பாய்கள் என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவன் கட்டிலைப் பிரட்டினான். பிஸ்கட் தகரத்தைத் திறந்தான். உள்ளே ஊசியும் நூலும் பொத்தான்களும் இருந்தன. மற்றவன் சுவாமித் தட்டுக்கு முன்னால் நின்று எதையோ குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன்.

முருகன் படத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் என் மின்வாய் சாய்ந்து நின்றது. வயரைக் காணோம். பளபளவென்று புதுக் காசுபோல மின்னியது. மூன்று குறி திருநீறு, நடுவில் குங்குமம், மேலே ஒரு நித்தியகல்யாணிப் பூ.

“மே மொகக்த?” இது என்ன என்று கேட்டான்.

“தெய்யங்கே, மாத்தயா” என்றாள் அக்கா. கடவுளுடையது.

“கதரகம தெய்யொத?” சிங்களவரும் கும்பிடும் கதிர்காமக் கந்தனா என்று கேட்டான்.

“ஓவ்.” ஆமென்றாள்.

அவன் துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். என் ஒரு வருடத்து உழைப்பைக் கும்பிட்டான் என்று சொல்ல எனக்கு ஆசை. கும்பிடும்போது அந்த உழைப்பு தகட்டில் இருக்கவில்லை.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் நான் கத்தினேன்.

“உனக்கென்ன விசரே? அந்தப் பழுப்புத்தானக்கா எல்லாம்! புளி போட்டுத் தேய்ச்சனியோ?”

“பின்னை? ஊத்தைத் தகட்டை ஆர் சாமியெண்டு நம்புவான்?” அவளுடைய கைவிரல்கள் இன்னும் புளியில் பழுப்பேறியிருந்தன. “வயரைக் கறிவேப்பிலைச் சாடி மண்ணுக்குள்ளை தாட்டுட்டன். உன்னைக் கொண்டுபோனா நான் எந்தக் காம்ப் வாசல்ல போய் நிக்கிறது, சொல்லு பாப்பம்?”

அதன்பின் இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வேலைநிறுத்தம் முடிந்தது. எட்டுத் தகடுகளை உலையில் வைத்துக் கருக்கினேன். மின்வெட்டு வரும்வரை வேண்டுமென்றே காத்திருந்தும் பார்த்தேன். எட்டும் ஐதரசன்தான் தந்தன. பழைய தகட்டையே திரும்பச் சூடாக்கிப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். கடிதத்துக்கு வருகிற திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்றும் சொன்னார்.

சுவாமித் தட்டிலேயே நின்ற அந்தத் தகட்டை வெள்ளிதோறும் விளக்கோடு சேர்த்து மினுக்கி வந்த அக்கா, அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தாள். அதற்கு முதல் நாள் கடையில், எங்கள் ஒழுங்கைக்கு ஆமி திரும்பவும் வரப்போகிறது என்று கதைத்தார்கள். நான் தகட்டைத் தட்டிலிருந்து எடுத்தேன். இன்னும் ஒருமுறை கருக்கினால் ஒருவேளை சரிவரும். கடற்காற்றில் விளிம்பெல்லாம் ஏற்கெனவே பழுப்பேறத் தொடங்கியிருந்தது. அந்தப் பழுப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. தட்டைப் பார்த்தேன். முருகனுக்கும் விளக்குக்கும் நடுவில் அது நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த தடவை அந்தச் சிப்பாய் வந்து கடவுள் எங்கே என்று கேட்டால் அக்கா என்ன சொல்லுவாள்?

“என்னடா செய்யிறாய் அங்கை?” என்றாள் அக்கா, படுக்கையிலிருந்து.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. மினுக்கப் போறன்.”

 குசினிக்குப் போய்ச் சாடியிலிருந்து ஒரு உருண்டைப் புளி எடுத்தேன். கொஞ்சம் உப்பும் போட்டேன். பழுப்பு ஒரு பொட்டுக்கூட மிஞ்சாதபடி, விளிம்புவரை, நானே தேய்த்தேன்.