ராவாங் ஆபீஸில் ஐஸ் அடிகளை எண்ணிய நாட்கள்

அந்த ஆபீஸ் ஏர்கோனின் குளிர் இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது... காலை எட்டரைக்கே விரல் மரத்துப்போகும். எனக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர் அதுதான். தெரிந்த ஐஸ், எங்கள் மலேசிய வெயிலுக்குச் சாப்பிடும் ஐஸ் காச்சாங்கில் போடுவது.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? வடக்கே பனிக்கட்டிக் கடலில் ஓடும் சரக்குக் கப்பல்களின் இரும்பு எவ்வளவு களைத்துப்போயிருக்கிறது என்று கணக்குப் போடுவது!

எங்கள் ஊரான புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து பஸ் ஏறி ராவாங் போய், அங்கே உட்கார்ந்து அந்தக் கடலைப் பார்ப்பேன்... நம்பர்களில்தான். கப்பல் முகப்பின் உள்பக்கம், இரும்பு விலா ஒவ்வொன்றிலும் சின்ன சென்சார் ஒட்டியிருப்பார்கள். ஐஸ் மோதும்போதெல்லாம் ஒரு எண் ஏறி இறங்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியுமே, அதே கதை. அடிகளை எண்ணி, இந்த விலா இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று சொல்ல வேண்டும்.

ஆபீஸில் ஒரு வழக்கம். சின்ன அடி இரும்பை ஒன்றும் செய்யாது என்று பெரிய அடிகளை மட்டும் எண்ணுவோம். அந்தக் கணக்கில் ஒரு கப்பல் பாஸ் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போனால், திங்கட்கிழமை கப்பல் மறுபடியும் ஐஸுக்குள் புறப்படும்.

அந்த வாரம்தான் என் தம்பி ஓட்டும் லோரியின் சேஸிஸில் வெல்டிங் விட்டுப்போனது. எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றுகிறவன்.

"குழியில விட்டியாடா?" புதன் ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்.

"குழின்னா நான் ஸ்லோ பண்ணிருவேன் லா! இந்தக் கல்லு ரோட்டுலதான் அமுக்கிப் போறேன். தெனம் கடகடன்னு ஆட்டுனா எந்த வெல்டிங்கு அக்கா நிக்கும்?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது! கேப்டனும் அதைத்தானே செய்வார்? பெரிய பனிப்பாளம் கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைப்பார். உடைந்த துண்டு ஐஸ் என்றால் அமுக்கிக்கொண்டு போவார். நாங்கள் எண்ணாமல் தள்ளியது அத்தனையும் அந்த அடிகள்!

மறுநாள் வியாழன். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினேன். கம்ப்யூட்டர் மத்தியானம் வரை திணறியது. வலது பக்கம் ஏழாவது விலா... கணக்குப்படி அதன் ஆயுள் ஏற்கெனவே முடிந்திருந்தது.

எங்கள் பாஸ் சந்திரன் சார் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"வாசுகி, நீ ஐஸே பாத்ததில்ல. கப்பல நிறுத்தி ஒண்ணும் இல்லன்னா? உன் ப்ரொபேஷனும் போச்சு, என் கஸ்டமரும் போச்சு."

"தெரியும் சார். ஆனா உள்ள ஆளுங்க இருக்காங்களே... ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க சார்."

அவர் போனை எடுத்துச் செய்ய வேண்டியதைச் சொன்னார்.

கப்பலில் உள்ளவர்கள் அந்த விலாவின் வெல்டிங்கில் பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கோடாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஈமெயிலில் படம் வந்தது. வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு... ஒரு சாண் நீளம்!

"இருக்கு சார்! இருக்கு!" நான் போட்ட சத்தத்தில் கீழ்க் கடைக்காரர் மாடிப்படி ஏறி ஓடி வந்துவிட்டார். படத்தின் கீழே ஒரு மாலுமி எழுதியிருந்தார்: தினமும் இதற்குப் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்கிறோம். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வெடிப்பைப் பார்த்தா இப்படிக் குதித்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

கப்பல் நின்றது. விலாவை மாற்றினார்கள். புது ரிப்போர்ட்டில் சந்திரன் சார் தன் பெயருக்கு மேலே என் பெயரைப் போட்டார்.

இப்போது சாப்ட்வேரே சின்ன அடி, பெரிய அடி எல்லாவற்றையும் எண்ணி, சிவப்பு விளக்கும் காட்டிவிடுகிறது. என் டீம் பிள்ளைகள் "ரெட் வந்துருச்சி கா" என்று சொல்லி, ஓகே தட்டிவிட்டு நாசி லெமாக் சோறு வாங்கக் கிளம்புகிறார்கள். நல்லதுதான். ஒரு வெடிப்பைச் சொல்ல யாரும் வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

நான் மட்டும் கப்பலுக்குப் போன் போடுவேன். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று கேட்பேன். "எல்லாரும் அங்கிருந்து வெளியே வந்துவிட்டோம்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எனக்குப் பசிக்கும்.